ரெண்டு பக்கமும் டாப் வைத்த ஒயர்: நெல்லை வயரிங்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலிச் சீமையில் வயரிங் வேலை பார்க்கும் அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும், ஜெனரேட்டர் வாடகைக்கு விடும் மைக்செட் கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். ஓம் விதியைக் கரும்பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அப்படிப்பட்டவள் வீட்டிலேயே, ஜெனரேட்டர் கரண்டை வீட்டு வயரிங்குக்குள் விடப்போய் அது தெருக் கம்பிக்கே ஏறின கூத்து நடந்தது. அதனால்தான் கூச்சத்தை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை மழையை உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தாமிரபரணி வண்ணார்பேட்டைக்கும் கொக்கிரகுளத்துக்கும் உள்ளே வந்து நின்றது. பாபநாசத்தில் 1944லேயே தண்ணீரில் கரண்ட் எடுத்த மாவட்டம் இது. ராதாபுரம் பக்கம் போனால் காற்றாலை வரிசை, கடலோரம் கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலை இரண்டு. இத்தனை இருந்தும் நாலாம் நாள் வரை எங்கள் தெருவில் மெழுகுவர்த்திதான். எங்கள் வீடு மாடியில் இருப்பதால் தண்ணீர் ஏறவில்லை. மீட்டர் பெட்டியும் உயரத்தில் இருந்ததால் தப்பியது.

பிள்ளை பெற்ற மகள் வீட்டில் இருந்தாள். பேத்தி பிறந்து 18 நாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர், துணி அலச மோட்டார், ராத்திரி ஒரு ஃபேன் என்று வரிசையாகத் தேவை. மருமகன் எங்கெங்கோ அலைந்து 2.8 கே.வி.ஏ. பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்குக் கொண்டுவந்தார். கூட வந்த வயரிங் தம்பி, கால் மணி நேரத்தில் ஒரு ஒயரைச் செய்து கொடுத்தார். எந்த ஒயர் என்று உங்களுக்குத் தெரியும். ரெண்டு முனையிலும் த்ரீ பின் டாப், அதாவது முள் நீட்டிய பிளக். ஒரு முனை ஜெனரேட்டரில், மறுமுனை குளியலறைக்கு வெளியே இருந்த கீசர் பாயிண்டில். "அதுதான் டீச்சர் 16 ஆம்ஸ், ஒயரும் தடிமன்" என்றார். "மெயினை மட்டும் ஆஃப் பண்ணி வச்சிருங்க, வேற ஒண்ணும் இல்ல." நானும் தலையாட்டினேன்.

அன்று ராத்திரி எட்டரை இருக்கும். தெருவில் லைன்மேன்கள் டார்ச்சோடு நடமாடுவதைப் பார்த்த மருமகன், கரண்ட் வந்துவிட்டதா பார்ப்போம் என்று போய் மெயினைத் தூக்கிவிட்டார். ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி எதிர்வீட்டு வாசல் பல்பு மங்கலாகச் சிவந்தது. "கரண்ட் வந்துட்டு! கரண்ட் வந்துட்டு!" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை தட்டினார்கள். எங்கள் ஜெனரேட்டர் பாரம் ஏறின மாடு மாதிரி முனகியது. எனக்கு எல்லாம் புரிந்து, ஓடிப்போய் மெயினை இறக்குவதற்குள் கீழேயிருந்து ஒரு சத்தம்.

"யாரு வீட்ல ஜெனரேட்டர் ஓடுது? எறக்குங்க, எறக்குங்க!"

தெருமுனைப் போஸ்டில் ஏணி சாத்தியிருந்தது. அந்த லைனின் பீஸ் கட்டையைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டுதான் லைன்மேன் ஏறியிருந்தார். கம்பியில் கை வைக்குமுன் டெஸ்டரை வைத்துப் பார்க்கிற பழக்கம் இருந்ததால் பிழைத்தார். இறங்கி வந்தவர் என்னைத் திட்டக்கூட இல்லை. படியில் உட்கார்ந்து, "ஒரு சொம்பு தண்ணி தாங்க டீச்சர்" என்றார். சொம்பை வாங்கின கை நடுங்கியது. அவருக்கு என் மூத்த மகன் வயதுதான் இருக்கும்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம், உங்களில் பலர் சொல்லும் ஒரு சமாதானம். "தெருப் பாரம் முழுக்க ஏறினா ஜெனரேட்டர் தானே நின்னுரும், ஒண்ணும் ஆகாது." தெரு முழுக்க இணைப்பில் இருந்தால் சரி, நின்றுவிடும். கம்பி அறுந்து கிடக்கும்போது, பீஸ் கட்டையைப் பிடுங்கி வைத்திருக்கும்போது எங்கே பாரம் இருக்கிறது? நாலைந்து வீட்டுப் பல்புதான். லைன்மேன் போஸ்டில் ஏறுவதும் அப்போதுதான். டிரான்ஸ்பார்மர் வரை கம்பி முழுசாக இருந்தால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை வீட்டுக்கு ஏற்றபடி இறக்கித் தரும் பெட்டி அது. வீட்டுப் பக்கமிருந்து 230 வோல்ட்டைக் கொடுத்தால் அதே விகிதத்தில் ஏற்றி, அந்தப் பக்கம் ஆயிரக்கணக்கான வோல்ட்டாகத் தள்ளும். பெட்டிக்கு வாசல் எது, கொல்லை எது என்று தெரியாது.

கூரையில் சோலார் பேனல் வைத்து மின்வாரியத்துக்குக் கரண்ட் கொடுக்கிறார்களே, அந்த இன்வெர்ட்டர் லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடுகிறது. "வெயில் அடிக்குது, ஆனா வீட்ல கரண்ட் இல்ல" என்று ஆட்கள் உங்களிடம் சலித்துக்கொண்டிருப்பார்கள். போஸ்டில் இருக்கிறவருக்காகத்தான் அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். உங்கள் ஒயரில் அந்தப் புத்தி கிடையாது.

அப்புறம் அந்த இரண்டாவது டாப். ஜெனரேட்டர் ஓடும்போது யாராவது கால் தடுக்கி அதை கீசர் பாயிண்டிலிருந்து பிடுங்கிவிட்டால், பித்தளை முள்ளில் 230 வோல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அது கிடந்தது குளியலறை வாசலில், ஈரத் தரையில். கரண்ட் கொடுக்கிற முனையில் ஓட்டை, வாங்குகிற முனையில் முள் என்பதுதான் முறை. இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிந்தவர்கள். கோயில் கொடைக்கு சீரியல் செட் போடும்போது ஒருவரும் இதில் பிசகுவதில்லை. வீடென்றால் மட்டும் ஏன் இந்த அவசரம்?

என் வேண்டுகோள் இதுதான். அந்த ஒயரை இனி யார் கேட்டாலும் செய்து தராதீர்கள். வெள்ளமானாலும் சரி, சாவு வீடானாலும் சரி. அவசரமென்றால் ஜெனரேட்டரிலிருந்து நேராக ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இழுத்து ரெண்டு லைட்டு, ஒரு ஃபேன், ஃபிரிஜ் போட்டுக் கொடுங்கள். வீட்டு வயரிங்கில் சேர்க்கத்தான் வேண்டுமென்றால் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் கை வைக்காதீர்கள்.

எங்கள் வீட்டுக்குப் பொங்கல் கழித்து அதைப் போட்டோம். கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதிச் சான்றிதழ் வைத்திருக்கும் வேறொரு தம்பி வந்தார். மெயினுக்கு அடுத்து சுவிட்ச். கைப்பிடி மேலே என்றால் வாரியக் கரண்ட், நடுவே என்றால் எதுவுமில்லை, கீழே என்றால் ஜெனரேட்டர். ஒன்றை விடாமல் இன்னொன்றைத் தொட அந்தக் கைப்பிடியால் முடியாது. மருமகன் இருட்டில் எதைத் தூக்கினாலும் தெருவுக்கு ஒன்றும் போகாது. ஃபேஸை மட்டும் மாற்றிவிட்டு நியூட்ரலைப் பொதுவாக விடுகிற சுருக்கு வழியும் உண்டு என்று சொல்லி, அந்தத் தம்பி அதை மறுத்துவிட்டார். ரெண்டு போல் சுவிட்ச்தான் போட்டார், நியூட்ரலும் சேர்ந்து மாறுகிற மாதிரி. மூன்று ஃபேஸ் வீடென்றால் நாலு போல் வேண்டுமாம். வெளிச்சுவரில் முள் உள்ளடங்கிய ஒரு இன்லெட், அதற்கேற்ற ஓட்டை முனையோடு ஒயர், ஜெனரேட்டர் உடம்புக்கு எர்த். சாமான், கூலி எல்லாம் சேர்த்து 6,000 ரூபாய்ச் சொச்சம்.

எதையெதை ஜெனரேட்டரில் ஓட்டலாம் என்பதையும் அவரே பிரித்துக் கொடுத்தார். கீசரை அதில் சேர்க்கவே இல்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், வெந்நீருக்காகத்தானே முதலில் ஜெனரேட்டர் எடுத்தோம். பிறகு பழைய பழக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சின்ன இன்ஸ்டன்ட் கீசரே 3000 வாட், 13 ஆம்பியர். 2.8 கே.வி.ஏ. ஜெனரேட்டர், அதாவது மிஞ்சினால் 2800 வாட், அதற்கே மூச்சு வாங்கும், மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கிற இழுப்பை எங்கே வைப்பது? 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் ஆகும். ஆனால் அதை ஜெனரேட்டரில் எடுக்கக் கால் லிட்டர் பெட்ரோலாவது எரியும். கேஸ் அடுப்பில் வைத்தால் சுமார் 70 கிராம் கேஸ். எங்கள் ஆச்சி பித்தளை அண்டாவில் போட்ட வெந்நீர்க் கணக்கு தப்பவில்லை.

சோலார் வெந்நீர்த் தொட்டி இருக்கும் வீடுகளிலும் இதைப் பாருங்கள். மழை நாளில் தொட்டி ஆறிப்போனால், உள்ளே இருக்கும் காயில் தானாக ஆன் ஆகும்படி சில வீடுகளில் வைத்திருக்கிறார்கள். மாடியில் அப்படி ஒன்று இருப்பதையே வீட்டுக்காரர் மறந்திருப்பார். ஜெனரேட்டரைப் போட்டதும் முதல் ஆளாக அதுதான் கை நீட்டும். அதன் ஒயரையும் பிரித்து வாரியக் கரண்ட் பக்கமே விட்டுவிடுங்கள்.

மைக்செட் கடைக்காரர்களுக்கு ஒன்று. ஜெனரேட்டரை இறக்கும்போது எங்கே வைக்கப்போகிறார்கள் என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். மழை என்று நாங்கள் மாடிப்படிக்குக் கீழே, கதவுக்கு உள்ளே வைக்கப் பார்த்தோம். புகையைவிட அதில் வரும் கார்பன் மோனாக்சைடுதான் ஆளைக் கொல்லும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூக்கம் வருகிற மாதிரிதான் இருக்கும். பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைக்கு அந்தப் படிக்கட்டு ஆறடி தூரம்.

உங்கள் பிழைப்பு எனக்குத் தெரியாமல் இல்லை. வெள்ளத்தில் நீங்களும்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். ஆள் அவசரப்படுத்துகிறான், மாட்டேன் என்றால் அடுத்த தெருக்காரர் செய்து கொடுத்துவிடுவார், கூலியும் போய்விடும். அதனால்தான் ஒருவருக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுகிறேன். எல்லாரும் மாட்டேன் என்றால் யாருக்கும் கூலி போகாது. இந்த வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உங்கள் சங்கக் கூட்டத்தில் இதை ஒரு பேச்சாக எடுங்கள்.

அந்த ஒயரின் ஒரு முனை டாப்பை அன்று ராத்திரியே கத்தரித்துவிட்டேன். மீதி என் சமையலறைப் பரணில் கிடக்கிறது. நல்ல காப்பர். செய்து கொடுத்த தம்பி இதைப் படித்தால் எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். காப்பி தருகிறேன், கோபம் ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
வண்ணார்பேட்டைப் பக்கத்து டீச்சர்