ஒரு 4 விடுபட்டபோது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையப் பாதுகாப்பு என்றாலே உங்கள் பக்கங்களில் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பற்றித்தான் அதிகம் படிக்கிறேன். பதினான்கு வருடமாக இணையச் செயலிகள் எழுதுகிறேன். நான் சொல்ல வந்தது ஒரு சின்னப் பெட்டியைப் பற்றி. எந்தெந்த ஐபி முகவரிகளில் (இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் எண்களில்) இருந்து உள்ளே வரலாம் என்று நிர்வாகப் பக்கத்தில் கேட்கும் பெட்டி.

அதில் 192.168.10.0/24 என்று எழுதினால், 192.168.10.0-வில் தொடங்கி 192.168.10.255-இல் முடியும் 256 முகவரிகளுக்கு அனுமதி. கணினிக்குள் முகவரி என்பது 32 பிட்டுகள், அதாவது 0 அல்லது 1 என்ற 32 இலக்கங்கள். அவற்றில் முதல் எத்தனை மாறக்கூடாது என்பதைத்தான் சாய்கோட்டுக்குப் பின்னால் உள்ள எண் சொல்கிறது. முகவரிகளை இப்படி வரம்பாக எழுதுவது 1993-இல் வந்த சைடர் (CIDR) முறை. நான் எழுதிக்கொடுத்த ஒரு செயலியில் யாரோ அவசரத்தில் கடைசி 4-ஐ விட்டுவிட்டு /2 என்று சேமித்துவிட்டார்கள். என் நிரல் அதை வாங்கிக்கொண்டது. நான்கு எண், மூன்று புள்ளி, சாய்கோடு, 32-ஐத் தாண்டாத ஓர் எண். வடிவத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் /2 என்றால் 192.0.0.0 முதல் 255.255.255.255 வரை, 107 கோடிக்கும் மேல் முகவரிகள். நான்காம் பதிப்பு (IPv4) எனப்படும் இந்த 32 பிட் முகவரிகளில் சரியாகக் கால்வாசி! 203 என்று தொடங்கும் ஏதோ ஒரு வெளி முகவரி, கடவுச்சொல்லை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்ததை லாகில் (வருகைப் பதிவில்) பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நல்லவேளை, உள்ளே யாரும் வரவில்லை. ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

கடவுச்சொல்லைத் தவறாகத் தட்டினால் கதவு திறக்காது, உடனே தெரிந்துவிடும். வரம்பை இப்படித் தவறாகத் தட்டினால் கதவு அகலமாகத் திறந்துகொள்ளும். உரியவர்கள் வழக்கம்போல வந்துபோய்க்கொண்டே இருப்பார்கள், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

சாய்கோட்டு எண்ணுக்கு அப்பால் மிஞ்சும் பிட்டுகள் எல்லாம் பூஜ்யமா என்று என் நிரல் கேட்டிருந்தால் அன்றே பிடித்திருக்கும். 192.168.10.0-இல் முதல் இரண்டு பிட்டுக்குப் பிறகும் 1-கள் இருக்கின்றன. ஆகவே /2 அதற்குப் பொருந்தாது. பைதான் நிரல்மொழியோடு வரும் ஐபிஅட்ரஸ் தொகுதி, வரம்பு என்று கொடுத்தால் இதைத் தானாகவே மறுக்கும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் சைடர் என்ற தரவு வகையும் மறுக்கும், ஐநெட் என்ற வகை ஏற்றுக்கொள்ளும். இணையச் செயலி எழுத உதவும் சிம்ஃபோனி ஃபிரேம்வொர்க்கின் 5.4 பதிப்பில் வரம்புக்கென்றே ஒரு சரிபார்ப்பு வந்தது. அது முகவரியையும் சாய்கோட்டு எண்ணின் எல்லையையும் மட்டும் பார்த்தது. குறைந்தபட்ச எண்ணை நாமாக உயர்த்தி வைக்காவிட்டால் /0 கூடத் தேறிவிடும். /0 என்றால் உலகமே உள்ளே. அதேபோன்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோவில் தனி முகவரிக்குப் புலம் உண்டு, வரம்புக்கு இல்லை. அதனால் நாமே ஒரு ரெஜெக்ஸ் (எழுத்தின் வடிவத்தை மட்டும் பார்க்கும் விதி) எழுதி ஒட்டிவிடுகிறோம், நான் செய்ததும் அதுதான். இன்னும் நீளமான ஆறாம் பதிப்பு (IPv6) முகவரி வந்தால் எல்லை 32 இல்லை, 128 என்பதையும் அந்த ரெஜெக்ஸ் மறந்துவிடும்.

பூஜ்யப் பிட்டுச் சோதனையும் முழுக் காவல் இல்லை. 10.0.0.0/8 என்பதற்குப் பதில் /7 என்று தட்டினால் சோதனையில் தேறிவிடும், 11-இல் தொடங்கும் அந்நிய முகவரிகளும் சேர்ந்துவிடும். அதனால் இப்போது நான் எழுதும் செயலிகளில், சேமி பொத்தானுக்கு மேலேயே முதல் முகவரி, கடைசி முகவரி, மொத்தம் எத்தனை என்று மூன்றையும் காட்டிவிடுகிறேன். போன மாதம் ஒருவர் அந்த மொத்தத்தைப் பார்த்துவிட்டு, சேமிக்காமல் திரும்பிப் போய் எண்ணைத் திருத்தினார்.

இப்படிக்கு,
ஒரு நிரலாளர்