வாணலி எண்ணெய் வேண்டாம்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை. கல்யாணத்துக்கு நீ வராததை மூர்த்தி இன்னும் சொல்லிக் காட்டுகிறான். அதை நீயே அவனிடம் பேசித் தீர்த்துக்கொள். போன் அடித்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் எழுதுகிறேன்.

பால் மறக்கடித்த பன்றிக் குட்டிகளுக்குச் சிப்ஸ் கடையின் பழைய எண்ணெயைத் தீவனத்தில் கலக்கிறாயாமே? கேட்டதற்கு, எண்ணெய் கெட்டதைக் காட்டும் பெராக்சைடு மதிப்பு குறைவு என்று லேப் ரிப்போர்ட்டை நீட்டினாயாம். வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஹாஸ்டலில் சாம்பாரை மோந்து பார்க்காமல் தொடாத ஆளா இது?

அந்த ரிப்போர்ட்டை நம்பாதே, சேகர். எண்ணெய் கெடத் தொடங்கும்போது பெராக்சைடு ஏறும். கொதிக்கக் கொதிக்க அதுவே உடைந்து ஆல்டிஹைடுகள் என்ற கெடுதலான பொருள்களாகிவிடும். அதனால் முழுக்கக் கெட்ட எண்ணெய், பாதி கெட்டதைவிட நல்ல ரிப்போர்ட் வாங்கிவிடக்கூடும். அந்த ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் சேரும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயை மனிதர் சமையலுக்கே பயன்படுத்தக் கூடாது என்பது 2018 முதல் இருக்கும் விதி. டின்னில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று யார் கண்டது? பெல்ஜியத்தில் 1999இல் பழைய கொழுப்போடு நச்சு கலந்த டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெய் சேர்ந்து, தீவனம் வழியாகக் கோழிக்கும் பன்றிக்கும் போய்ச் சேர்ந்ததே!

வளர்ந்த பன்றியாவது ஓரளவு தாங்கும். குட்டியின் நிலை வேறு. பன்றியின் நஞ்சுக்கொடி, நோயை எதிர்க்கும் ஆன்டிபாடிகளைத் தாயிடமிருந்து குட்டிக்கு விடாது. முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் வந்ததுதான் குட்டிக்கு எல்லாம். மூன்று நான்கு வாரத்தில் அது வெகுவாகக் குறைந்துவிடும். சொந்த எதிர்ப்புச் சக்தியோ இன்னும் முதிர்ந்திருக்காது. நீ தாயைப் பிரிப்பது அந்த நேரத்தில்தான். குடல் உறிஞ்சிகள் குட்டையாகி, கொழுப்பைச் செரிக்கும் லைப்பேஸ் சுரப்பும் குறைந்திருக்கும்போது கெட்ட எண்ணெய் உள்ளே போனால், குட்டியிடம் இருக்கிற கொஞ்ச வைட்டமின் ஈயும் அதைச் சமாளிப்பதிலேயே தீர்ந்துவிடும். எதிர்ப்பு அணுக்களின் சவ்வுக்குக் காவல் அந்த வைட்டமின்தான். அதோடு செலினியமும் குறைந்தால் மல்பெரி ஹார்ட் என்ற இதய நோய் வரும். கொழுகொழுவென்று இருந்த குட்டி காலையில் செத்துக் கிடக்கும். திறந்து பார்த்தால் இதயம் முழுக்க ரத்தத் திட்டு. அதைப் பார்த்தவன் மறக்கமாட்டான்.

எண்ணெய் கெடாமல் இருந்தால் மட்டும் போதாது, எந்த எண்ணெய் என்பதும் முக்கியம். சூரியகாந்தி, மக்காச்சோள எண்ணெய்களின் லினோலிக் அமிலத்திலிருந்துதான் அரக்கிடோனிக் அமிலமும், அதிலிருந்து அழற்சியைக் கிளப்பும் புரோஸ்டகிளாண்டினும் உருவாகின்றன. 2012இல் சீன ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பால் மறந்த குட்டிகளில் ஒரு பகுதிக்கு 5 சதவீதம் மக்காச்சோள எண்ணெய், மற்றதற்கு 5 சதவீதம் மீன் எண்ணெய். பிறகு ஈ-கோலை பாக்டீரியாவின் நச்சை ஊசியில் ஏற்றினார்கள். மீன் எண்ணெய் தின்ற குட்டிகளின் குடல் அவ்வளவாகச் சிதையவில்லை, அழற்சிச் சமிக்ஞைகளும் அடங்கியே இருந்தன. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்! ஆனால் நிஜமான தொற்று வந்தால் அழற்சியும் கொஞ்சம் வேண்டும். அதனால் மீன் எண்ணெயைக் கண்ணை மூடிக்கொண்டு ஊற்றிவிடாதே.

பிரித்த முதல் இரண்டு வாரத்துக்குத் தேங்காய் எண்ணெய் கொடு. விலையைச் சொல்லிப் புலம்புவாய், தெரியும். அதில் பாதிக்கு மேல் நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள், பெரும்பகுதி லாரிக் அமிலம். செரிக்கப் பெரிய பாடு வேண்டாம். சிறியவை நேராகக் கல்லீரலுக்கே போகும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகளையும் ஒடுக்கும். மத்தி எண்ணெய் சேர்த்தால் கொஞ்சமாகச் சேர். சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும், சின்ன டின்னாக வாங்கி நிழலில் வை. விற்கப் போகிற பன்றிக்குக் கொடுக்காதே, கறியில் மீன் வாடை அடிக்கும். தவிடும் அன்றன்று அரைத்ததாக இருக்கட்டும்.

தீவனக் கலவைத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. தீவனத்தில் சேர்க்கும் சத்துக் கலவையான பிரீமிக்ஸில் வைட்டமின் ஈ எவ்வளவு என்றும் எழுது. அதுவரை அந்த டின்களைக் குட்டிக் கொட்டகைப் பக்கம் கொண்டுபோகாதே.

அன்புடன்,
ரவி