வழிபாட்டில் புகும் வேண்டாத எண்ணங்கள்: ஆன்மிகப் பக்கத்துப் பதில் குறித்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவியின் கேள்வி வெளியாகியிருந்தது. சந்நிதியில் கண்மூடி நிற்கும்போது தெய்வத்தை இழிவுபடுத்தும் சொற்களும் காட்சிகளும் தாம் விரும்பாமலே மனத்தில் எழுகின்றன என்றும், அதனால் கோயிலுக்குப் போகவே அச்சமாக இருக்கிறது என்றும் அவர் எழுதியிருந்தார். மனத்தூய்மைக் குறைவே இதற்குக் காரணம், எண்ணம் வரும் ஒவ்வொரு முறையும் மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கி 108 முறை சொல்ல வேண்டும் என்பது அவருக்குக் கிடைத்த பதில். பதில் எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பதில் அந்தப் பெண்ணின் துன்பத்தைப் பல மடங்காக்கும் என்பதை அனுபவத்தால் அறிந்தவள் என்ற உரிமையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது இதே துன்பம் வந்தது. மாலையில் விளக்கேற்றிக் கவசம் படிக்க உட்கார்ந்தால், முருகனைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக் கூசும் ஒரு சொல் குறுக்கே வந்து விழும். எங்கள் வீட்டார் மதித்த பெரியவர் ஒருவர் கூறியபடி முதல் வரிக்குத் திரும்பிப் போவேன், இரண்டாம் வரியில் அது மறுபடி வரும், மறுபடி திரும்புவேன். விளக்கில் எண்ணெய் வற்றும் வரை நான்கு வரிகளைத் தாண்டாத நாட்கள் உண்டு. மதுரையில் ஒரு மருத்துவர் அதற்குப் பெயர் சொல்லும் வரை, என்னைப் போன்ற பாவி இந்தப் பழனி மலைத்தொடரிலேயே இருக்க முடியாது என்று நம்பினேன்.

பள்ளி ஆசிரியையாக ஓய்வு பெற்றபின் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் வசிக்கிறேன். வீட்டின் இரண்டு அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறேன். இராணுவப் பணியை முடித்துவிட்டு ஊர் சுற்றக் கிளம்பும் இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் பல ஆண்டுகளாக இங்கு வந்து தங்குவதைத் தங்கள் வாசகர்கள் அறிந்திருப்பார்கள். அவர்களில் ஒருவர், இறைப்பற்று மிகுந்த இருபத்து மூன்று வயதுப் பிள்ளை, சில மாதங்களுக்கு முன் என் வீட்டில் மூன்று வாரம் தங்கினார். பனிமூட்டம் விலகுவதற்கு முன்பே எழுந்து, கோடிட்ட வெள்ளைப் போர்வையைத் தலைமீது இட்டு, தோல்வாரால் கட்டிய சிறு பெட்டிகளைக் கையிலும் நெற்றியிலும் அணிந்து, எருசலேம் இருக்கும் வடமேற்குத் திசை நோக்கித் திண்ணையில் நிற்பார். வழிபாட்டின் நடுவில் திடீரென நின்று, நெற்றியைச் சுருக்கி, ஒரு வரிக்குத் திரும்பிப் போவார். பிறகு மறுபடி போவார். மொழி புரியாவிட்டாலும் அந்தத் திரும்பிப் போதல் எனக்கு நன்றாகப் புரிந்தது. காப்பி கொடுக்கும்போது ஒரு நாள், "முதல் வரிக்குத்தானே போகிறீர்கள், தம்பி?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன். வெகுநேரம் பேசாமலிருந்தவர், "அம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். அன்று தொடங்கிய பேச்சில் அவர் சொன்னவற்றையும், அதன்பின் நானே மொழிபெயர்ப்புகளில் தேடிப் படித்தவற்றையும் வைத்தே மேற்கொண்டு எழுதுகிறேன்.

யூதர்கள் காலை, பிற்பகல், இரவு என நாளுக்கு மூன்று முறை தொழுகிறார்கள். மூன்றிலும் நடுநாயகமாக இருப்பது, இரு பாதங்களையும் சேர்த்து நின்று, தன் காதுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொல்லும் 'அமிதா' என்னும் வேண்டுதல். 'பதினெட்டு' என்று பெயர் பெற்றிருந்தாலும் இன்று அதில் 19 வாழ்த்துப் பத்திகள் உள்ளன. வாய் சொல்வதோடு உள்ளமும் சேர வேண்டும் என்பதை அவர்கள் 'கவானா' என்கிறார்கள். உள்ளத்தை ஒருமுகமாகத் திருப்பி நிறுத்துதல் என்று பொருள். குறுக்கே புகும் எண்ணத்துக்கு 'மஹ்ஷவா ஸாரா', அதாவது அந்நிய எண்ணம், என்று பெயர். தொல்லைக்குத் தனிப் பெயரே இருக்கிறது என்றால் அது எத்தனை பேருக்கு எத்தனை காலமாக நேர்ந்திருக்க வேண்டும் என்று எண்ணியபோதே எனக்கு ஓர் ஆறுதல் உண்டாயிற்று.

யூதர்களின் பழைய சட்ட, உரைத் தொகுப்பான எருசலேம் தல்மூதில் வரும் ஒரு பகுதியை அந்தப் பிள்ளை எனக்கு விளக்கிச் சொன்னார். பெரும் ஞானிகள் தங்கள் தொழுகையைப் பற்றித் தாமே ஒப்புக்கொள்ளும் இடம் அது. ஒருமுறை மனத்தைக் குவிக்க முயன்றபோது, அரசனின் முன்னிலைக்கு முதலில் போகவேண்டியவர் பாரசீகப் பிரபுவா, யூதர் தலைவரா என்ற யோசனையில் ஆழ்ந்துவிட்டதாக ரபி (யூத மத ஆசான்) ஹிய்யா சொல்கிறார். தாம் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்ததாகச் சமுவேல் என்னும் அறிஞர் சொல்கிறார். இன்னொருவர் சுவரின் கல்வரிசைகளை எண்ணினாராம். ரபி மத்தனியாவோ, நன்றி கூறும் பத்தி வந்ததும் தானாகவே குனிந்துவிடுகிற தம் தலைக்கு நன்றி சொல்கிறார். மார்க்கத்தின் தூண்களான இவர்கள் சொன்னதை மறைக்காமல் எழுதி, தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடமாகவும் வைத்திருக்கிறார்கள். என் பத்தொன்பதாம் வயதில் ஒருவர், ஒரே ஒருவர், எனக்கு இப்படி ஒன்றைச் சொல்லியிருந்தால் போதுமே என்று அன்று கண்கலங்கினேன்.

நம் மரபிலும் இத்தகைய ஒப்புதல் இல்லாமலில்லை. கை ஒன்று செய்ய, கண் வேறொன்றை நாட, கருத்து இன்னொன்றை எண்ண, இப்படிச் செய்கின்ற பூசையை எப்படி ஏற்பாய் என்று பட்டினத்தார் இறைவனிடமே கேட்டிருக்கிறார். ஆன்மிகப் பக்கம் அந்த மாணவிக்கு முதலில் எடுத்துக் காட்டியிருக்க வேண்டியது இதைத்தான்.

இனி, தங்கள் பக்கத்தில் வந்த பதிலோடு நேரடியாகத் தொடர்புடைய செய்திக்கு வருகிறேன். உள்ளம் ஒன்றாத தொழுகை தொழுகையே ஆகாது என்று 12ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் மைமோனிடீஸ் கண்டிப்பாக எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் ஸஃபேத் நகரில் வாழ்ந்த யோசேப்பு காரோ தொகுத்த சட்ட நூலான ஷுல்ஹான் அரூக், தொழுகையின் நடுவே அந்நிய எண்ணம் வந்தால் அது அடங்கும் வரை பேசாமல் நில் என்கிறது. எல்லாப் பத்திகளிலும் மனம் ஒன்றாவிட்டால் முதல் பத்தியிலாவது ஒன்ற வேண்டும், அதிலும் ஒன்றவில்லையென்றால் திரும்பச் சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. ஆனால் அதே இடத்தில் போலந்தின் கிராக்கோவ் நகரத்து மோசே இஸ்ஸர்லஸ் ஒரு குறிப்பைச் சேர்த்தார்: இக்காலத்தில் திரும்பச் சொல்வதில்லை; திரும்பச் சொன்னாலும் மனம் ஒன்றாமல் போகத்தான் வாய்ப்பு மிகுதி; அப்படியிருக்க ஏன் திரும்ப வேண்டும்? மனித மனத்தின் இயல்பை அறிந்த ஒருவர் இட்ட விலக்கு இது. திண்ணையில் நின்று தவித்த அந்தப் பிள்ளைக்கு இவ்விதி தெரியாததன்று. கற்றிருந்தும், தன் நிலைமை வேறு, தான் மட்டும் திரும்பத்தான் வேண்டும் என்று நம்பிக்கொண்டிருந்தார். இந்த நோயின் இயல்பே அதுதான். இஸ்ரேலின் பினே பிராக் நகரில் வாழ்ந்து 1985இல் மறைந்த ரபி யாக்கோவ் இஸ்ரயேல் கனியெவ்ஸ்கியும், இத்தகைய அலைக்கழிப்புக்கு ஆளாகித் தம்மிடம் கேட்டவர்களுக்குத் திரும்பச் சொல்ல வேண்டாம் என்றே அறிவுரை எழுதியிருக்கிறார்.

கணக்குவழக்கோ கல்வரிசையோ நினைவுக்கு வருவது ஒரு வகை. அந்த மாணவிக்கும் எனக்கும் வந்தது, நாம் எதை உயிரினும் மேலாகப் போற்றுகிறோமோ அதையே குத்தும் எண்ணம். இது வேறு வகை. இதைப் பற்றி லியாதியைச் சேர்ந்த ரபி ஷ்னேயூர் ஸல்மான் 1796இல் அச்சான தம் 'தன்யா' நூலில் எழுதியுள்ள பகுதி எனக்கு மருந்துச்சீட்டைப் போலவே தோன்றியது. இத்தகைய எண்ணம் வருவதால் உன் தொழுகை மதிப்பற்றது என்று முடிவு கட்டாதே என்கிறார் அவர். தொழுகிற ஒருவனுக்கு எதிரே இன்னொருவன் வந்து நின்று, அவனைக் கலைக்க வேண்டும் என்பதற்காகவே பேசிக்கொண்டிருந்தால், தொழுகிறவன் என்ன செய்ய வேண்டும்? நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு பதிலும் சொல்லாமல், காது கேளாதவனைப் போலத் தன் சொல்லில் நிற்க வேண்டும். அழுக்கானவனோடு மல்லுக்கு நிற்பவன் தானும் அழுக்காவான். அந்நிய எண்ணங்களை மேலே உயர்த்தித் தூயதாக்கலாம் என்று ஹசிதியர் என்னும் யூதப் பக்தி இயக்கத்தாரின் வழியில் முன்பு கற்பிக்கப்பட்டதையும் அவர் எடுத்துக்கொண்டு, அது மிக உயர்ந்த நிலையிலுள்ள நீதிமான்களுக்கு உரியது, சாதாரண மனிதன் அதில் இறங்கினால் அறிவீனம் என்று எச்சரிக்கிறார்.

காது கேளாதவனைப் போல் இருப்பதும் எண்ணத்தை விரட்டுவதும் ஒன்றல்ல. நம் ஊரில் குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன வைத்தியரின் கதையை எல்லாரும் அறிவோம். அதுவரை குரங்கைப் பற்றிய நினைப்பே இல்லாதவனுக்கு மருந்துக் குவளையைத் தொட்டதும் குரங்குதான் தெரியும். 1987இல் அமெரிக்க உளவியலாளர் டேனியல் வெக்னரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் வெள்ளைக் கரடியை நினைக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொல்லிப் பார்த்துக் கண்டறிந்ததும் ஏறத்தாழ அதையே. எண்ணத்தைத் துரத்துவதற்காக முதல் வரிக்குத் திரும்பும் ஒவ்வொரு முறையும், அந்த எண்ணம் அஞ்சத்தக்கது, காவல் காக்க வேண்டியது என்று மனத்துக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். திரும்பிய கணத்தில் சற்று நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியே அடுத்த முறை திரும்பும் பழக்கத்தை இறுக்குகிறது. 108 முறை என்பது இந்தச் சுழலுக்குக் கொடுக்கப்படும் தீனி.

மருத்துவத்தில் இதற்கு எண்ணச் சுழற்சி நோய் என்று பெயர். ஓசிடி என்றால் பலருக்கு விளங்கும். கைகழுவிக்கொண்டே இருப்பது போலவே, வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொல்வதும் அதன் ஒரு வடிவம். வேண்டாத எண்ணம் வருவது மட்டுமே நோயன்று. 13 நாடுகளைச் சேர்ந்த 777 பல்கலைக்கழக மாணவர்களிடம் நடத்தி 2014இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ 94 விழுக்காட்டினர் முந்தைய மூன்று மாதங்களில் ஒருமுறையாவது அத்தகைய எண்ணம் வந்ததாகக் கூறினர். அந்த எண்ணத்துக்குப் பெரும் பொருள் கற்பித்து, அதை ஈடுசெய்யும் செயலில் நாளின் பெரும்பகுதி கரையும்போதுதான் நோயாகிறது. எண்ணம் வந்தாலும் வேண்டுதலை ஒரே முறை சொல்லி, வரும் பதற்றத்தைப் பொறுத்து, அது தானாகத் தணிவதைப் பார்க்கப் பழக்கும் உளவியல் சிகிச்சை இருக்கிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. அது முழுப் பயன் தர 8 முதல் 12 வாரம் வரை ஆகலாம் என்பதால் இடையில் நம்பிக்கை இழக்கக் கூடாது. நான் இவ்விரண்டையும் பெற்றவள். இப்போதும் எப்போதாவது அந்தச் சொல் வருகிறது. வரட்டும் என்று அடுத்த வரிக்குப் போகிறேன், முருகன் கோபித்துக்கொள்ளவில்லை.

அந்தப் பிள்ளையும் தங்கியிருந்த கடைசி வாரத்தில், திரும்பாமல் சொல்லிப் பார்க்கத் தொடங்கினார். சில காலைகளில் முடிந்தது, சில காலைகளில் முடியவில்லை. ஊருக்குப் போனதும், தம் மார்க்கத்தை மதிக்கும் மருத்துவர் ஒருவரைப் பார்ப்பதாகவும், திரும்பச் சொல்லலாமா என்ற கேள்வியைத் தம் ரபியிடம் ஒரே முறை மட்டும் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே ஏற்பதாகவும் சொல்லிவிட்டுப் போனார். ஒரே முறை கேட்பது என்பது முக்கியம். பத்துப் பேரிடம் பத்து முறை கேட்பதும் இந்நோயின் ஒரு பிடிதான்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், முன்பு சொன்ன 108 முறை என்ற அறிவுரையைத் திரும்பப் பெறுவதாக வெளியிடுங்கள். அந்த மாணவி தன் வழிபாட்டை ஒரே முறை செய்துவிட்டு, சுண்டலையோ திருநீற்றையோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றும், இத்தொல்லை படிப்பையும் உறக்கத்தையும் கெடுத்தால் மனநல மருத்துவரை அணுகலாம் என்றும் எழுதுங்கள். மலையூர்ப் பிள்ளைகளுக்கு அத்தகைய மருத்துவரைப் பார்க்க அரைநாள் பேருந்தில் இறங்கவேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஆதலால் மத்திய அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண்ணான 14416ஐயும் தடித்த எழுத்தில் சேர்த்து அச்சிடுங்கள். அதில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
வட்டக்கானல், கொடைக்கானல்.