அம்மம்மாவின் வாயைக் கட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளையின் முன் இருந்து ஒவ்வொரு பொருளாகக் காட்டிப் பெயர் சொல்லுங்கள், எவ்வளவு சொல் காதில் விழுகிறதோ அவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளை என்று உங்கள் ஞாயிறு இதழ் இளம் தாய்மாருக்கு ஆலோசனை சொல்லியிருந்தது. இந்தச் சொற்கணக்கு பிறந்த இடம் அமெரிக்காவின் கன்சாஸ். அங்கே 42 குடும்பங்களைக் கவனித்து ஹார்ட், ரிஸ்லி என்ற இருவர் 1995இல் வெளியிட்டார்கள். வீட்டில் மற்றவர்கள் பேசுவதையும் பக்கத்தில் நடக்கும் கதையையும் சேர்த்தால் கணக்கே வேறு என்று 2019இல் பிற ஆய்வாளர்கள் காட்டினார்கள். அது கட்டுரையில் இல்லை.

பொருட்பெயர் படிப்பிப்பது எல்லா ஊர்ப் பழக்கமும் அல்ல. 1993இல் வந்த ஓர் ஆய்வில், விளையாட்டுக் காரைக் காட்டி "இது கார்" என்று கூடுதலாகச் சொன்னவர்கள் அமெரிக்கத் தாய்மார். யப்பானியத் தாய்மார் அதையே "இந்தா, எனக்குத் தா, நன்றி" என்று கொடுத்து வாங்கி விளையாடினார்கள். அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பொருட்பெயர் கூடுதலாகத் தெரிந்திருந்தது உண்மைதான். அதற்காக யப்பானியப் பிள்ளைகள் பேசாமலா போனார்கள்?

பப்புவா நியூகினியில் வாழும் கலுலி இனத் தாய்மார் கைக்குழந்தையோடு நேரே அதிகம் கதைப்பதில்லை. குழந்தையை வந்தவர் பக்கம் திருப்பிப் பிடித்து, அதன் குரலில் தாங்களே பேசுவார்கள். வாசித்தபோது சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் விறாந்தையில் அம்மம்மாமார் செய்வது வேறென்ன? "மாமா, எனக்கு என்ன கொண்டந்தனீங்கள் எண்டு பிள்ளை கேக்கிறா." மாமாவும் பிள்ளையைப் பார்த்தே மறுமொழி சொல்லுவார். பிறகு "மாமாவுக்கு ஒரு பிஸ்கற் குடுங்கோ" என்று அந்தச் சின்னக் கையை நீட்ட வைப்பா. ஆர் என்ன முறை, ஆருக்கு எப்படிச் சொல்ல வேணும் என்பதெல்லாம் அங்கேயே பிடிபட்டுவிடுகிறது.

இப்போது சில வீடுகளில் "கம் பேபி, ஈட் பேபி" என்ற ஆங்கிலம்தான். போதாததற்கு, பிள்ளையோடு தமிழில் கதைக்க வேண்டாம் என்று அம்மம்மாவுக்கும் கட்டளை. ஆங்கிலம் தெரியாத மனுசி என்ன செய்யும்? படமட்டையில் உள்ள "அப்பிள்", "போல்" என்ற இரண்டு சொல்லோடு பேசாமல் இருந்துவிடுகிறா. நாள் முழுக்கக் கதை சொல்லக்கூடிய ஒரு ஆள்! கன்சாஸ் கணக்கில் பார்த்தாலும் அந்தப் பிள்ளைக்கு நட்டம்தான்.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அம்மம்மாவைத் தமிழில் கதைக்க விடுங்கள் என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது.

ஓய்வுபெற்ற முன்பள்ளி ஆசிரியை,
கோண்டாவில்.