மூன்று வகுப்பிலும் என் இடத்தைக் காத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று சுவரைப் பிடிக்காமல் சமையலறை வரைக்கும் தானே நடந்து வந்தார். இன்னும் மாத்திரை, பிசியோதெரபி எல்லாம் பாக்கி இருக்கிறது, ஆனாலும் பயப்பட வேண்டிய கட்டம் தாண்டிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நடந்ததை எல்லாம் மறுபடி எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களில் பலர் அந்த நாட்களில் கூடவே இருந்தீர்கள், மற்றவர்கள் போனில் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். அது போதும்.

இன்னொரு சேதி. போன வாரம் கல்லூரியில் ரிசல்ட் வந்தது. மூன்று பாடத்திலும் தேறிவிட்டேன்.

இதைக் கேட்டதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள்: அந்த நிலைமையில் படிப்பை எப்படி விடாமல் இருந்தாய்? போனில் சொன்னால் அழுகை வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் படிக்கும் கிங்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜ், நியூயார்க்கில் ப்ரூக்ளினின் தெற்கு முனையில் கடலை ஒட்டி இருக்கிறது. பி49 பஸ்ஸில் கடைசி ஸ்டாப். விடுதி கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள், பிள்ளை வளர்ப்பவர்கள், என்னைப் போல நடுவயதில் திரும்ப நோட்டைத் தூக்கியவர்கள் எல்லோரும் பஸ்ஸில் வந்து, வகுப்பை முடித்து, பஸ்ஸில் போய்விடுகிறோம். நம் ஊரில் பி.காம். சேர்ந்தால் மூன்று வருடமும் அதே முகங்கள், நம்ம செட் என்று ஒன்று தானாக அமைந்துவிடும். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று முதல் பீரியட் முடிவதற்குள் தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு அறை, வேறு ஆட்கள். நீங்கள் பாதியில் நின்றுவிட்டால், அது பக்கத்து நாற்காலிக்காரருக்குக்கூடத் தெரியாமல் போகலாம்.

சேர்ந்த புதிதில் கவுன்சிலர் என்னிடம், லேர்னிங் கம்யூனிட்டியில் சேர்கிறீர்களா என்று கேட்டார். அதாவது, இருபத்தைந்து பேருக்குள் ஒரு குழு. அந்தக் குழு மூன்று பாடங்களைச் சேர்ந்தே எடுக்கும். எங்களுக்கு ஆங்கிலக் கட்டுரை, சமூகவியல், அப்புறம் கல்லூரியில் எப்படிப் படிப்பது, நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று சொல்லித்தரும், ஒரே ஒரு கிரெடிட் (பாட அளவின் அலகு) உள்ள சின்ன வகுப்பு. அந்த ஒரு கிரெடிட் வகுப்பை நடத்துகிறவர்தான் எங்கள் கவுன்சிலரும். மூன்று ஆசிரியர்களும் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு பாடத்தைக் கோப்பார்கள். நேர அட்டவணை எனக்கு ஒத்துவந்தது, அதனால் சரி என்றேன். அந்தச் சரியின் அருமை அன்றைக்குத் தெரியவில்லை.

கணவர் ஐசியூவில் இருந்த முதல் வாரத்தில் நான் யாருக்கும் தகவல் சொல்லவில்லை. கல்லூரி என்ற ஒன்று இருப்பதே நினைவில் இல்லை. மூன்று வகுப்பிலும் ஒரே ஆள் வரவில்லை என்பதைக் கவனித்து, ஆசிரியர்கள் மூவரும் பேசி, கவுன்சிலர் போன் செய்தார். தவணை நாட்களைத் தள்ளி வைத்துவிட்டேன், வரும்போது வாருங்கள் என்றார். அவ்வளவுதான் பேசினார். அவருக்கும் இரண்டு பேராசிரியர்களுக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். இருந்தாலும் இந்த மடல் பெரும்பாலும் இன்னொருவரைப் பற்றியது.

அவர் எங்கள் குழுவில் படிக்கிறவர். ஹெய்ட்டியில் பிறந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். இரவில் முதியவர்களை அவரவர் வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் வேலை. பெயர் போடாதே என்று கேட்டுக்கொண்டார், அதனால் அக்கா என்றே எழுதுகிறேன். அதுவரைக்கும் எங்களுக்குள் பெரிய நெருக்கம் ஒன்றும் இல்லை. காலையில் சிரிப்போம், பஸ் நேரம் கேட்டுக்கொள்வோம்.

ஒரு நாள் ஆஸ்பத்திரி வரவேற்பு மேஜையில் இருந்தவர் என் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி ஒரு பையைக் கொடுத்தார். கொடுத்தவர் மேலே வரவில்லை, போய்விட்டார் என்றார். நோயாளிகளோடும் அவர்கள் வீட்டாரோடும் பழகிய கை அது. நான் யாரிடமும் பேசும் நிலையில் இருக்க மாட்டேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

பையில் ஒரு நோட்டுப் புத்தகம். இங்கே எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்குமே, கறுப்பும் வெள்ளையும் கலந்து பளிங்கு மாதிரி அட்டை போட்டது, அதுதான். பிரித்தால் இடது பக்கம் முழுக்கப் பாடம். தேதி, பாடத்தின் பெயர், பேராசிரியர் பலகையில் எழுதியது எல்லாம் பெரிய பெரிய அச்செழுத்தில். பாடக் குறிப்பு யார் வேண்டுமானாலும் எடுத்துத் தரலாம். என்னை உலுக்கியது வலது பக்கம்.

வலது பக்கத்தில் வகுப்பில் நடந்ததை எழுதியிருந்தார். இன்றைக்கு ஹீட்டர் சத்தம் தாங்கவில்லை, பேராசிரியர் கத்திப் பேசினார். பின்வரிசைப் பையன் முதல் முறையாக வாயைத் திறந்தான், நன்றாகப் பேசினான். அந்தப் பெண் அழுதாள், காரணம் சொல்லவில்லை, வந்ததும் நீ பேசிப் பார். ஜன்னல் ஓரத்தில் உன் நாற்காலியில் ஒருவர் உட்காரப் போனார், அது ஒருவருடைய இடம் என்று சொன்னோம். இப்படிப் பக்கம் பக்கமாக.

நடுவில் அம்புக்குறிகள் வேறு. சமூகவியலில் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பற்றிய பாடம் போயிருக்கிறது. ஓர் ஊரில் ஒரே ஒருவருக்கு வேலை இல்லை என்றால் அது அவருடைய சொந்தத் துன்பம், கோடிக்கணக்கான பேருக்கு இல்லை என்றால் அது சமூகத்தின் பிரச்சினை, அதற்கான காரணத்தை அந்தத் தனி மனிதர்களிடம் தேடக் கூடாது என்பார் அவர். அந்தப் பத்தியிலிருந்து கோடு இழுத்து எதிர்ப்பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்: ஆங்கிலக் கட்டுரை இதைத்தான் கேட்கிறது, உன் வீட்டுத் துன்பம் ஒன்றை எடு, அதில் எது உன்னுடையது, எது எல்லோருடையது என்று எழுது. அதற்குக் கீழே இன்னொரு அம்பு: ஒரு கிரெடிட் வகுப்பில் வாரத்தின் மணிநேரங்களைக் கட்டம் போட்டு நிரப்பச் சொன்னார்கள், உன் கட்டத்தில் ஆஸ்பத்திரியையும் போடு, அதுவும் கட்டுரைக்கு உதவும்.

மூன்று பாடத்தையும் ஏன் ஒன்றாகக் கட்டுகிறார்கள் என்று அந்த அம்புக்குறிகளைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. தனித்தனி மலையாக நின்றிருந்தால் மூன்றில் ஒன்றைக்கூட நான் ஏறியிருக்க மாட்டேன். ஐசியூ வாசலில் உட்கார்ந்து அந்த ஒரு கட்டுரையை எழுதத் தொடங்கினேன். சம்பளத்தோடு லீவு கிடைக்காதவர்கள், இன்சூரன்ஸ் கடிதத்தைப் பிரிக்கப் பயப்படுகிறவர்கள் என்று என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்த எல்லோரையும் பற்றி எழுதினேன். எழுதிய நேரத்தில் மூச்சு விட முடிந்தது.

திரும்பப் போன முதல் நாள். யாரோ வரிசையைத் தாண்டி முன்னால் போனார்கள். சமூகவியல் பேராசிரியர் நிமிர்ந்து, ஷீப்ஸ்ஹெட் பே என்று மட்டும் சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். நான் இல்லாதபோது, சமூக நெறிகளுக்கு வரிசையில் நிற்பதை அவர் உதாரணம் சொல்ல, ஷீப்ஸ்ஹெட் பே பஸ் ஸ்டாப்பில் யாரும் வரிசையில் நிற்பதில்லையே என்று ஒரு பையன் மடக்கியிருக்கிறான். நோட்டில் வலது பக்கம் அது இருந்தது. அந்தச் சிரிப்பில் சேர முடியாமல் விழித்திருந்தால், இது இனி என் இடம் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்திருப்பேன். அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ராத்திரியெல்லாம் கண் விழித்து வேலை பார்க்கிறவர், தூங்கும் பாட்டியின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எனக்காக இதையெல்லாம் எழுதியிருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஏன் இவ்வளவு சிரமப்பட்டீர்கள் என்று கேட்டேன். பாடத்தைப் புத்தகத்தில் படித்துக்கொள்வாய், மற்றது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றார்.

இப்படிக் குழுவாகப் படிக்கும் முறை பலன் தருகிறதா என்று எங்கள் கல்லூரியிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். 2003 முதல் 2005 வரை சேர்ந்த 1,534 புது மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியைக் குழுக்களில் சேர்த்து, எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் பின்தொடர்ந்தது. புத்தகம் வாங்க அவர்களுக்குக் கூப்பனும் கொடுத்தார்களாம். குழுவில் படித்தவர்கள் முதல் செமஸ்டரில் கூடுதல் பாடங்களில் தேறினார்கள், ஆங்கிலத் தகுதித் தேர்வுகளைச் சீக்கிரம் தாண்டினார்கள். ஆனால் ஆறு ஆண்டு கழித்துப் பட்டக் கணக்கைப் பார்த்தால், மற்றவர்களைவிடச் சில சதவீதப் புள்ளிகள்தான் அதிகம்.

முதலில் படித்தபோது இது எனக்கு வருத்தமாக இருந்தது. யோசித்தால் காரணம் கண்ணுக்கு எதிரேயே இருக்கிறது. குழு ஒரு செமஸ்டரோடு கலைந்துவிடுகிறது. எங்கள் கல்லூரி சேர்ந்திருக்கும் நியூயார்க் சிட்டி யுனிவர்சிட்டி 2007இல் ஏசாப் என்று, இரண்டு வருடப் பட்டத்தைச் சீக்கிரம் முடிக்க உதவும் ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மூன்று ஆண்டும் கூடவே இருக்கும் ஆலோசகர், பஸ் ரயிலுக்குப் பயண அட்டை, புத்தக உதவி எல்லாம் உண்டு. அதையும் எம்.டி.ஆர்.சி. ஆராய்ந்தது. மூன்றாண்டு முடிவில் அதில் இருந்தவர்களில் 40 சதவீதம் பேர் பட்டம் வாங்கியிருந்தார்கள், இல்லாதவர்களில் 22 சதவீதம். உன்னைக் கவனித்துக்கொண்டிருக்கிறோம் என்று ஒரு பருவம் சொல்லிவிட்டு நிறுத்தினால் அதன் பலனும் பாதியில் நின்றுவிடும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அதனால் நானும் அக்காவும் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். கல்லூரி கலைத்தாலும் நாங்கள் கலைவதாக இல்லை. அடுத்த செமஸ்டரில் குறைந்தது ஒரு பாடமாவது சேர்ந்தே எடுக்கிறோம். எங்கள் குழுவில் இன்னும் ஏழெட்டுப் பேர் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாள் யாராவது கண்ணில் படவில்லை என்றால் போன் செய்வது என் பொறுப்பு. வராதவருக்கு நோட்டு எழுதுவதும் என் பொறுப்பு, இரண்டு பக்கமும் எழுதுவேன். இதை எல்லோர் முன்னாலும் எழுதிவைக்கிறேன், நாளைக்கு நான் சோர்ந்தால் நீங்கள் கேட்க வேண்டும்.

அப்புறம், மற்ற எல்லோருக்கும். குயின்ஸிலிருந்து அவ்வளவு தூரம் சாப்பாடு தூக்கி வந்தவர்கள், பிள்ளையைப் பள்ளியில் விட்டு அழைத்துவந்த கீழ்வீட்டு மாமி, ராத்திரி என்னைத் தூங்க அனுப்பிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பிகள், இன்சூரன்ஸ் தாள்களை நிரப்பித் தந்த அண்ணன், பெயர்கூடச் சொல்லாமல் பணம் அனுப்பியவர்கள், ஊரில் நேர்ந்துகொண்ட பெரியம்மா, சித்தி எல்லோருக்கும் நானும் அவரும் கைகூப்புகிறோம். தனித்தனியாக வந்து சொல்ல வேண்டும், சொல்வோம். டிபன் கேரியர்கள் எல்லாம் கழுவி வைத்திருக்கிறேன். எது யாருடையது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்போம், வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள், அவரோடும் கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள்.