படத்துக்கும் மூலக்கோப்பு உண்டு

கட்டற்ற மென்பொருள் திட்டங்களைப் பராமரிக்கும் நிரலாளர்களுக்கு,

வணக்கம்.

"எல்லாம் முடிஞ்சாச்சு, ஐகான் மட்டும்தான் பாக்கி. யாராவது வரைஞ்சு தாங்களேன்." வெளியீட்டுக்கு இரண்டு நாள் இருக்கும்போது இப்படி ஒரு வேண்டுகோள் வருவது பல திட்டங்களில் வழக்கமாகிவிட்டது. வீடு கட்டி முடித்தபின் வெள்ளையடிக்க ஆள் தேடுகிற மாதிரி. இந்தத் திட்டங்களுக்குப் படம் வரைந்து தரும் எங்களுக்கு வெள்ளையடிக்கத் தயக்கம் இல்லை. ஆனால் ஜன்னல் எந்தப் பக்கம் வரவேண்டும் என்பதிலும் எங்களுக்குச் சொல்ல இருக்கிறது.

முதலில் கோப்பு விஷயம். மூலநிரலைத் தராமல், அதிலிருந்து கணினி ஓட்டுவதற்காகத் தயாரான பைனரியை மட்டும் ஒருவர் நீட்டினால் வாசலிலேயே நிறுத்திவிடுவீர்கள். படம் என்று வந்தால் மட்டும் பிஎன்ஜி என்ற முடிந்த படக்கோப்பு போதும் என்கிறீர்கள். பிஎன்ஜி என்பது படத்தின் பைனரிதான். அதில் லேயர்கள் (வரைந்த அடுக்குகள்) ஒன்றாக ஒட்டிப்போயிருக்கும், எழுத்துகள் வெறும் புள்ளிகளாகியிருக்கும். அடுத்த ஆண்டு பின்னணி நிறத்தை மாற்ற நினைத்தால் ஒன்றிலிருந்து வரைய வேண்டும். வரைந்தவர் அதற்குள் வேறு ஊர், வேறு வேலை என்று போயிருப்பார்.

ஆகவே திட்டக் கோப்புகள் எல்லாம் இருக்கும் களஞ்சியத்தில் மூலப்படங்களுக்கென்று தனி அடைவு (ஃபோல்டர்) வையுங்கள். வரையும் மென்பொருள்களின் மூலக்கோப்புகளான கிரிட்டாவின் கேஆர்ஏ, கிம்ப்பின் எக்ஸ்சிஎஃப், பிளெண்டரின் பிளெண்ட், இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி எல்லாம் அங்கே இருக்கட்டும். பயனருக்குப் போகும் பிஎன்ஜியை, மென்பொருளைத் தொகுக்கும் பில்ட் ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும். கேஆர்ஏ கோப்பு உண்மையில் ஒரு ஜிப்தான். லேயர்களை ஒன்றாக்கிய முழுப்படம் பிஎன்ஜியாக அதற்குள்ளேயே இருக்கிறது. கிரிட்டாவைத் திறக்காமலே அதை உருவிக்கொள்ளலாம்.

கோப்புகளின் ஒவ்வொரு திருத்தத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கிட்டில் இவற்றை அப்படியே போட்டால் சிக்கல் வரும். 40 எம்பி கோப்பைப் பத்து முறை திருத்தினால் வரலாற்றில் ஏறக்குறைய 400 எம்பி சேரும். ஏற்கெனவே சுருக்கப்பட்ட கோப்புகளில் மாறிய பகுதியை மட்டும் சேமிக்கும் வித்தை கிட்டிடம் சரியாகப் பலிப்பதில்லை. 100 எம்பியைத் தாண்டிய கோப்பை, கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்கும் கிட்ஹப் வாங்கவே வாங்காது. கேஆர்ஏ, எக்ஸ்சிஎஃப், பிளெண்ட் மூன்றையும், பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸில் சேருங்கள், அதையும் முதல் கமிட்டுக்கு (திருத்தத்தைப் பதிவதற்கு) முன்பே செய்துவிடுங்கள். பிறகு சேர்த்தால் பழைய வரலாற்றையே திருத்தி எழுத வேண்டிவரும். எஸ்விஜி வெறும் உரைதான், சாதாரணமாகவே இருக்கலாம்.

அந்த எஸ்விஜியில் நடக்கும் ஒரு அநியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். கோப்பு இளைக்கட்டும் என்று மூலத்தின் மீதே எஸ்விஜியைச் சுருக்கும் கருவியான எஸ்விஜிஓவை ஓட்டிவிடுகிறீர்கள். லேயர் பெயர்கள், வழிகாட்டிக் கோடுகள் எல்லாம் போய்விடும். உருவங்களின் அடையாளப் பெயர்களும் (ஐடி) நீங்குவதால் அவற்றை நம்பி எழுதிய உங்கள் நிரலும் உடையும். இளைக்க வைப்பதை நகலில் செய்யுங்கள்.

அடுத்தது, நிரலுக்குள் ஒளிந்திருக்கும் விதிகள். பேட்டில் ஃபார் வெஸ்னோத் விளையாட்டைப் பாருங்கள். 2003இல் தொடங்கிய திட்டம். ஆடுகளத்தின் ஒவ்வொரு அறுகோணக் கட்டமும் 72×72 பிக்சல். வீரனின் அங்கியில் அணி நிறம் வரவேண்டிய இடத்தை ஓவியர் மெஜந்தாவில் வரைகிறார். விளையாடும்போது நிரல் அந்த மெஜந்தாவை சிவப்பாகவோ நீலமாகவோ மாற்றிக்கொள்கிறது. ஒரே படம் எல்லா அணிகளுக்கும் போதும், நல்ல ஏற்பாடு. ஆனால் நிரல் மாற்றுவது அட்டவணையில் உள்ள 19 மெஜந்தா சாயல்களை மட்டும். மென்மையான விளிம்புள்ள பிரஷ்ஷால் இழுத்தாலோ படத்தைச் சிறிதாக்கினாலோ இடைப்பட்ட சாயல்கள் டஜன் கணக்கில் முளைக்கும். அட்டவணையில் இல்லாத அவை மாறாமல் நின்றுவிடும். நீலப்படை வீரனின் அங்கி ஓரத்தில் ரோஸ் நிறப் பொடி தூவியது போல இருக்கும். விளிம்பை மென்மையாக்காத பென்சில் கருவியால், இறுதி அளவிலேயே, அந்த 19 நிறங்கள் கொண்ட தட்டை ஏற்றிக்கொண்டு வரைந்தால் இந்தத் தொல்லை இல்லை. இப்படி ஒரு விதி இருப்பதைப் படத்தைப் பார்த்து எந்த ஓவியராலும் ஊகிக்க முடியாது. நீங்கள் எழுதிவைத்தால்தான் உண்டு. வெஸ்னோத்காரர்கள் எழுதிவைத்தார்கள்.

பலர் சேர்ந்து வரையும்போது இந்த எழுத்து இன்னும் முக்கியம். கட்டற்ற உரிமத்தில் விளையாட்டுப் படங்களும் விளையாட்டுகளும் உருவாக்க 2012இல் நடந்த லிபரேட்டட் பிக்சல் கப் போட்டியில் ஜூன் மாதம் படங்களுக்கு, ஜூலை மாதம் அந்தப் படங்களைக் கொண்டு விளையாட்டு எழுதுவதற்கு. போட்டி தொடங்கும் முன்பே 32×32 பிக்சல் கட்டம், பார்வைக் கோணம், வெளிச்சம் விழும் பக்கம் எல்லாம் சொல்லும் பாணிக் கையேட்டையும் அடிப்படை மாதிரிப் படங்களையும் வெளியிட்டார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் வரைந்த மரமும் சுவரும் ஒரே ஊரில் நிற்பது அதனால்தான். உங்கள் திட்டத்துக்கு ஐம்பது பக்கக் கையேடு வேண்டாம். கட்ட அளவு, கோட்டின் தடிமன், மூலை வளைவு, நிறத் தட்டு, வெளிர் கருப்பொருள் (தீம்), இருண்ட கருப்பொருள் இரண்டிலும் படம் எப்படித் தெரியவேண்டும் என்பது. ஒரு பக்கம் போதும். ஒரு பிக்சல் கோட்டை முழு எண் இடத்தில் வைத்தால் அது இரண்டு பிக்சல்களில் பாதி பாதியாக விழுந்து மங்கும், அரைப் பிக்சல் தள்ளி வைக்க வேண்டும் என்பது போன்ற சில்லறைக் குறிப்புகளுக்கும் அதில் இடம் கொடுங்கள். எதை ஏற்க மாட்டீர்கள் என்பதையும் எழுதுங்கள். ஆண்ட்ராய்டின் பட வடிவமான வெக்டர் டிராயபிளுக்கு எஸ்விஜி ஃபில்டர்கள் (மங்கலாக்கல் போன்ற விளைவுகள்) தெரியாது; இங்க்ஸ்கேப்பில் அழகாக மங்கலாக்கிய நிழல் அங்கே காணாமல் போகும்.

தமிழ் இடைமுகம் தரும் திட்டங்களுக்குக் கூடுதலாக ஒன்று. பைத்தானில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகம் கொண்டு சுவரொட்டியோ பதக்கமோ தானாக உருவாக்குகிறீர்கள் என்றால், அதில் எழுத்துகளை முறைப்படி கோர்க்கும் ராக்ம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் 'கெ' எழுதும்போது முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். விளையாட்டு உருவாக்கும் கருவியான கோடோவில் 2023இல் வந்த 4.0 பதிப்பில்தான் இது நேரானது. பழைய 3 வரிசையில் இருப்பவர்கள் எழுத்தைப் படமாக வரைந்து தரச் சொல்கிறார்கள். தந்தால் மொழிபெயர்ப்பாளர் கைவைக்க முடியாத எழுத்து அது, ஒரு பிழை திருத்தவும் எங்களைத்தான் தேட வேண்டும். ஆங்கிலப் பொத்தானின் அகலத்தை அளந்து அதற்குள் 'அமைப்புகள்' என்பதைத் திணிக்கச் சொல்வதும் வேண்டாம்.

உரிமத்துக்கு வருவோம். களஞ்சியத்தின் மேலே கட்டற்ற மென்பொருள் உரிமமான ஜிபிஎல்லின் பெயரை எழுதிவிட்டால் படத்துக்கும் அது பொருந்தும் என்று பலர் நினைக்கிறார்கள். வரைந்தவர் அப்படி ஒப்புக்கொண்டாரா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் அதே பெயருடன் ஒரு சிறு உரைக்கோப்பு. அதில் வரைந்தவர் பெயர், ஆண்டு, உரிமம். உரிமத் தகவலைக் குறிப்பதற்கான ரீயூஸ் முறை சொல்வது இதைத்தான். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் உள்ள படம் ஒன்று உள்ளே நுழைந்தாலும் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு தன் முதன்மைத் தொகுப்பில் அதைச் சேர்க்காது. மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமமான சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 படத்தை ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்பது 2015 அக்டோபரில் உறுதியானது. ஆனால் அது ஒருவழிப் பாதை, போனது திரும்பாது.

மின்னஞ்சலில் வந்த படத்தை உங்கள் பெயரில் கமிட் செய்வதையும் நிறுத்துங்கள். ஆசிரியர் பெயரைத் தனியாகக் குறிக்க கிட்டிலேயே வசதி இருக்கிறது, பத்து விநாடி வேலை. இரண்டாண்டு கழித்துப் பங்களிப்பாளர் பட்டியலைப் பார்க்கிறவருக்கு அந்த ஐகான்களை நீங்கள் வரைந்ததாகத்தான் தெரியும். லோகோ போட்டி வைப்பதைப் பற்றியும் எங்களுக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. முப்பது பேர் வரைய, இருபத்தொன்பது பேரின் உழைப்பு குப்பைக்குப் போகும். ஒருவரைத் தேர்ந்து மூன்று வரைவு கேளுங்கள்.

படம் உள்ளே எப்படித் தெரிகிறது என்று பார்க்க மூலநிரலிலிருந்து மென்பொருளை எங்களையே கம்பைல் செய்யச் சொல்லாதீர்கள். கிரிட்டா அன்றன்றைய நிலையை, நிறுவாமலே திறக்கக்கூடிய ஆப்இமேஜாகத் தருகிறது. இறக்கினோம், திறந்தோம், பார்த்தோம். அதுகூட முடியாவிட்டால், படங்களை ஓர் அடைவிலிருந்து ஓட்டத்தின்போதே மறுபடி வாசிக்கும் ஒரு வசதி செய்துதாருங்கள். பிளெண்டர்காரர்கள் 2006இல் வந்த எலிஃபண்ட்ஸ் ட்ரீம், 2008இல் வந்த பிக் பக் பன்னி ஆகிய அனிமேஷன் படங்களுக்காக ஓவியர்களையும் நிரலாளர்களையும் ஆம்ஸ்டர்டாமில் ஒன்றாக உட்கார வைத்தார்கள். பிக் பக் பன்னியில் முயலுக்கும் அணிலுக்கும் ரோமம் வேண்டியிருந்ததால் ரோமக் கருவி தேறியது. டிவிடியை முன்கூட்டியே விற்றுப் பணம் திரட்ட முடிந்த திட்டம் அது. உங்களிடம் அவ்வளவு இல்லை, எங்களுக்கும் தெரியும்.

எங்கள் பக்கமும் குறை உண்டு. 'ஃபைனல்_ஃபைனல்2' என்று பெயர் வைத்து அனுப்புவோம். கூகுளில் எடுத்த காகித டெக்ஸ்சரை லேயரின் அடியில் விட்டுவிட்டு உரிமம் கேட்டால் விழிப்போம். இவற்றைப் பார்த்தால் தயங்காமல் திருப்பி அனுப்புங்கள். ஆனால் "என்னமோ குறையுது" என்று மட்டும் எழுதாதீர்கள். "16 பிக்சலில் கத்திரிக்கோல் பெருக்கல் குறி மாதிரி தெரிகிறது" என்று எழுதி, பெரிதாக்காத திரைப்பிடிப்பு ஒன்றை ஒட்டினால் எங்கே கைவைப்பது என்று தெரிந்துவிடும்.

அடுத்த முறை படம் கேட்கும்போது வழுப் பட்டியலில் இந்த மாதிரி எழுதிப் பாருங்கள்:

"ஏற்றுமதிப் பொத்தானுக்கு ஐகான் வேண்டும். 24×24 எஸ்விஜி, ஒரே நிறம், கோடு 2 பிக்சல். இருண்ட கருப்பொருளில் நிறத்தை நிரலே மாற்றும், ஆகவே நிறச்சரிவு வேண்டாம். பக்கத்தில் இறக்குமதி ஐகான் இருக்கிறது, இரண்டும் குழம்பக்கூடாது, திரைப்பிடிப்பு இணைப்பில். உரிமம் சிசி பிஒய்-எஸ்ஏ 4.0. வெளியீடு ஆறு வாரம் கழித்து. சந்தேகத்துக்குப் பதில் சொல்லப்போவது நான்."

கடைசி வரியை மறக்காதீர்கள். பல வேண்டுகோள்களில் இல்லாதது அதுதான்.

இப்படிக்கு,
கட்டற்ற திட்டங்களுக்குப் படம் வரைந்துவரும் சிலர்