கைதட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடு தம்பி

தம்பி,

ஞாயித்துக்கிழமை போன்லயே பதில் சொல்லியிருப்பேன், பாப்பா அழுதா, நீ வச்சிட்ட. அதான் டைப் பண்ணி அனுப்புறேன், நீளமாத்தான் இருக்கும், லஞ்ச்ல உக்காந்து படி. உங்க ஆபீஸ்ல டைவர்சிட்டி டீமை கலைச்சிட்டாங்க, லேடீஸ் குரூப்பு, கறுப்பர்ங்க குரூப்பு எல்லாத்துக்கும் பட்ஜெட் கட்டுன்னு சொல்லிட்டு "நல்லதா போச்சும்மா, இனிமேலாவது மெரிட்டை பாப்பானுங்க"ன்னு சிரிச்ச பாரு, எனக்கு சுருக்குன்னு இருந்துச்சு. திட்டுறேன்னு நினைக்காத. கொஞ்சம் திட்டும் இருக்கும்.

முதல்ல உன் பக்கம் இருக்கிற நியாயத்தை சொல்லிடறேன். அந்த லீடர்ஷிப் டிரெய்னிங்குக்கு நீ பேர் குடுத்தப்போ, ஏசியன்லாம் லிஸ்ட்லயே இல்ல, நீங்கதான் இங்க நிறைய பேர் இருக்கீங்களேன்னு திருப்பி அனுப்பிட்டாங்கன்னு சொன்னல்ல, அது தப்புதான், எந்த ஊர்ல நடந்தாலும் தப்பு. அமெரிக்காவோட 1964 சிவில் ரைட்ஸ் சட்டம் பொறப்பை வச்சு வேலையில யாரையும் ஒதுக்கக் கூடாதுன்னுதான் சொல்லுது, இன்னாரை மட்டும்னு சொல்லல. 2025 ஜூன்ல, ஒஹாயோவுல ஏம்ஸ்னு ஒரு அம்மா போட்ட கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு ஒம்பது பேரும் ஒரே மாதிரி தீர்ப்பு சொன்னாங்க, மெஜாரிட்டி ஆளு கேஸ் போட்டா மட்டும் கூடுதலா ப்ரூஃப் காட்டுன்னு கேக்கக் கூடாதுன்னு. அந்தத் தீர்ப்பை எழுதினது யாரு தெரியுமா, கேட்டான்ஜி பிரவுன் ஜாக்சன், கறுப்பினப் பொம்பளை ஜட்ஜ். அதனால உன்னை ஒதுக்கினா நீ ஹெச்ஆர்கிட்ட கேளு, எழுத்துல கேளு, நான் வேணாம்னு சொல்லவே மாட்டேன். ஆனா உனக்கு ஒரு டிரெய்னிங் கிடைக்கலைங்கறதுக்காக இன்னொருத்தர் கூடிப் பேசுற இடத்தை மூடினா சந்தோஷப்படுறது வேற விஷயம்பா.

இந்த குரூப்பெல்லாம் சமோசா திங்கறதுக்கு ஆரம்பிச்சதுன்னு நினைச்சிட்டு இருக்க. நம்ம ஊர்ல தெருவுக்குத் தெரு போர்டு தொங்குதே ஜெராக்ஸ்னு, அந்தக் கம்பெனியிலதான் ஆரம்பம். 1964-ல அவங்க ஊரு ராச்செஸ்டர்ல பெரிய கலவரம், அதுக்கப்புறம்தான் கறுப்பர்ங்களை சேல்ஸ்ல எல்லாம் எடுக்க ஆரம்பிச்சாங்க. எடுத்தாங்களே ஒழிய, எந்த ஏரியாவுல மெஷின் விக்காதோ அந்த ஏரியாவா பாத்து இவங்களுக்குக் குடுத்தா என்ன பண்றது, கமிஷன் வேலையாச்சே, ஏரியா மோசமா இருந்தா ஆளு என்னதான் கெட்டிக்காரனா இருந்தாலும் கணக்குல மட்டமாத்தான் தெரிவான், அப்புறம் "இவங்களுக்கு திறமை பத்தல"ன்னு ஈஸியா சொல்லிடலாம். அவங்க ஆபீஸ் முடிஞ்சு தங்களுக்குள்ள கூடி, எப்படிப் பேசி விக்கிறதுன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்து, 1970 வாக்குல சங்கமா சேர்ந்து, 1971-ல சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருந்தவங்க கேஸே போட்டாங்க. அதே கம்பெனியில 1980-ல இன்டர்னா சேர்ந்த உர்சுலா பர்ன்ஸ் 2009-ல சிஇஓ ஆனாங்க. முன்னாடி யாரோ ஏரியா மேப்பை விரிச்சு வச்சு கேள்வி கேட்டதாலதான் அந்தம்மாவோட திறமை கண்ணுக்குத் தெரிஞ்சுச்சுன்னு நான் நினைக்கிறேன்.

நம்ம கதையும் அதேதானடா. நான் பேங்க்ல கிளார்க்கா இருந்தப்போ ஆபீசர் புரமோஷன் சர்க்குலர் வந்து மேனேஜர் டிராயர்லயே கிடந்துச்சு, கடைசி தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி எங்க எஸ்சி எஸ்டி வெல்ஃபேர் அசோசியேஷன் ஆளு மதுரையில இருந்து பிராஞ்சுக்கே போன் போட்டு "அம்மா, அப்ளிகேஷன் போட்டாச்சா"ன்னு கேட்டாரு, என்ன அப்ளிகேஷன்னு நான் கேக்குறேன். பரீட்சைக்கு முன்னாடி எங்களுக்கு டிரெய்னிங் குடுக்கணும்னு ரூல் இருக்குங்கறதையும் அவர்தான் சொன்னாரு. பரீட்சை நான்தான் எழுதினேன், கேள்வித்தாளை யாரும் எனக்காக லேசாக்கல. சர்க்குலர் கைக்கு வரலைன்னா என் மூளையை நான் எங்க கொண்டு போய் காட்டியிருப்பேன்? எந்த இடம் எந்தப் பிரிவுக்குன்னு எழுதி வைக்கிற ரோஸ்டர் ரிஜிஸ்டரை எடுத்து வாங்க சார், எந்த இடம் யாருக்குப் போச்சுன்னு பாக்கணும்னு வருஷா வருஷம் போய் நின்னது எங்க ஆளுங்கதான். கிண்டி காலேஜ் சீட்டு உனக்கு எந்த கோட்டாவுல வந்துச்சுன்னு நீ அங்க யார்கிட்டயும் மூச்சு விடுறதில்ல, அது உன் இஷ்டம், நான் கேக்கவும் மாட்டேன், ஆனா என்கிட்ட வந்து மெரிட் பாடம் எடுக்காத.

உன் பொண்டாட்டியையே கேளு. பாப்பா பொறந்து அவ வேலைக்குத் திரும்பினப்போ நான் அங்கதான இருந்தேன். பால் எடுத்து வைக்க ரூம் குடுக்கணும்னு சட்டம் இருக்கு, ஆனா அவ பில்டிங்ல எந்த மாடியில இருக்கு, எந்த ரூம்ல ஃப்ரிட்ஜ் இருக்கு, எதுல தாழ்ப்பாள் சரியா விழாதுன்னு ஹெச்ஆர் குடுத்த பேப்பர்ல ஒண்ணும் இல்ல. அவங்க ஆபீஸ் லேடீஸ் குரூப்புல பேர் தெரியாத எவளோ ஒருத்தி அழகா ஒரு ஷீட் போட்டு வச்சிருந்தா, "அஞ்சாவது மாடிக்குப் போகாதீங்க, மதியம் மீட்டிங்னு சொல்லி கதவைத் தட்டுவானுங்க" வரைக்கும் எழுதியிருந்துச்சு. அந்த குரூப்பையும் மூடிட்டா அடுத்து பிள்ளை பெத்து வர்றவளுக்கு அதை யாரு சொல்றது, நீ சொல்லுவியா?

அதுக்காக இந்த குரூப்பெல்லாம் கோயில்னு நான் சொல்லல. எனக்கும் எரிச்சல் இருக்கு. கம்பெனி காசுல பீட்சா, கம்பெனி காசுல டீ ஷர்ட்டு, கம்பெனி நினைச்சா ஒரே மெயில்ல காலி. அந்த நாட்டு 1935 தொழிலாளர் சட்டப்படி கம்பெனி காசு குடுத்து நடத்துற குரூப்பு சம்பளம் வேலை நேரம்னு பேரம் பேசக் கூடாதாம், அது யூனியன் வேலை. அப்ப முக்கியமானதை பேசவே முடியாத சங்கம் எத்தனை நாளைக்கு தெம்பா நிக்கும்? எங்க அசோசியேஷன்ல சந்தா புக்கோட வந்து நிப்பாரு ட்ரெஷரர், மாசக் கடைசியில அவரைப் பாத்தாலே பாத்ரூம்ல போய் ஒளிஞ்சவங்களும் உண்டு, ஆனா எங்க காசு, அதனால மேனேஜ்மென்ட் மொறைச்சாலும் நின்னுச்சு.

அப்புறம் உங்க இந்தியன் குரூப்பு. தீபாவளிக்கு ரங்கோலி போட முதல்ல நிப்பாங்க. 2022-ல கூகுள்ல சாதியைப் பத்திப் பேச தேன்மொழி சௌந்தரராஜனை கூப்பிட்டாங்க, தலித் உரிமைக்காகப் போராடுற தமிழ்க் குடும்பத்துப் பொண்ணு, அங்க வேலை பாக்குற இந்தியருங்களே மெயில் மேல மெயில் போட்டு அந்தப் பேச்சை நிறுத்தினாங்க, கூப்பிட்ட தனுஜா குப்தா வேலையை விட்டே போயிட்டாங்க. 2023-ல அமெரிக்காவுலயே உங்க சியாட்டில்தான் சாதிப் பாகுபாடு கூடாதுன்னு முதல்ல சட்டம் போட்ட ஊரு, அப்போ நீ ஒரு வார்த்தை பேசல, பயமா இருக்கும்மான்னு சொன்ன, நானும் விட்டுட்டேன். இப்ப மட்டும் எங்கிருந்து வந்துச்சு இவ்வளவு தைரியம்?

சரி, உன் பக்கத்துல நின்னு கைதட்டுறது யாருன்னு திரும்பிப் பாத்தியா? 2024-ல ராபி ஸ்டார்பக்னு ஒருத்தர் டைவர்சிட்டி வேலையை நிறுத்துங்கன்னு ஆன்லைன்ல கம்பெனி கம்பெனியா மிரட்டினாரு, டிராக்டர் சப்ளை, ஜான் டீர், ஹார்லி டேவிட்சன்னு வரிசையா பின்வாங்கினாங்க. 2025 ஜனவரியில டிரம்ப் வந்த மறுநாளே, கவர்மென்ட் கான்ட்ராக்ட் எடுக்கிறவங்க பாகுபாடு பாக்காம ஆள் எடுக்கணும்னு 1965-ல ஜான்சன் போட்ட ஆர்டரை ரத்து பண்ணிட்டாரு. வேலையில பாகுபாட்டை விசாரிக்கிற உங்க சம வேலைவாய்ப்பு கமிஷன் மார்ச்ல, ஒரு பிரிவுக்கு மட்டும்னு குரூப்பு வச்சா சட்ட மீறலா இருக்கலாம்னு சொன்னுச்சு, உனக்கு அது இனிச்சுது. அதே கமிஷன் அதுக்கு முந்தின மாசம், பிப்ரவரியில, விசாக்காரங்களுக்கு முன்னுரிமை குடுத்து அமெரிக்கக்காரனை ஒதுக்குற கம்பெனிங்களை பிடிப்போம்னு சொன்னதைப் படிச்சியா? விசாக்காரன்னா யாருப்பா, நீதான். நம்ம சிடிஎஸ், அதான் காக்னிசன்ட், இந்தியர் அல்லாதவங்களை ஒதுக்குச்சுன்னு 2024 அக்டோபர்ல லாஸ் ஏஞ்சலீஸ் ஜூரி சொல்லியாச்சு. அது கேக்க வேண்டிய கேள்விதான். ஆனா அதே வருஷம் டிசம்பர்ல நம்ம சென்னைப் பையன் ஸ்ரீராம் கிருஷ்ணனை டிரம்ப்பே ஏஐ ஆலோசகரா போட்டாரு, டிரம்ப்பை தலையில தூக்கி வச்சு ஆடினவங்களே அவரு மேல எப்படி பாஞ்சாங்கன்னு நீதான் எனக்கு ஃபார்வர்ட் பண்ண. 2025 செப்டம்பர்ல புது ஹெச்1பி வேலை விசாவுக்கு 1,00,000 டாலர்னு வந்தப்போ, அர்த்த ராத்திரியில எனக்கு போன் போட்டு புலம்பினதும் நீதான். அவங்களுக்கு நீ மெரிட் கேஸ் இல்ல தம்பி, லிஸ்ட்ல அடுத்த ஆளு.

எல்லாரும் பயந்துட்டாங்கன்னும் சொல்ல முடியாது. என்னை வண்டியில வச்சு கூட்டிட்டுப் போனியே கோஸ்ட்கோன்னு பெரிய கடை, அவங்ககிட்டயும் டைவர்சிட்டி வேலையால என்ன ஆபத்துன்னு ஆராய்ஞ்சு அறிக்கை குடுன்னு ஒரு தீர்மானம் கொண்டு வந்தாங்க, 2025 ஜனவரியில ஷேர் வச்சிருக்கிறவங்க 98 சதவீதத்துக்கு மேல வேணாம்னு ஓட்டு போட்டு தள்ளிட்டாங்க. வியாபாரக் கம்பெனிதான அதுவும்.

மருமக சொன்னா, உங்க ஆபீஸ் லேடீஸ் குரூப்பு பேரை மாத்தி, யாரு வேணா வரலாம்னு போட்டு, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு நடத்தலாம்னு பேசிட்டு இருக்காங்களாமே. போய் உக்காரு. புது பசங்களுக்கு சம்பளம் எப்படிக் கேக்குறது, ரிவ்யூல என்ன எழுதுறதுன்னு உனக்குத் தெரிஞ்சதை அங்க சொல்லிக்குடு, அந்த டிரெய்னிங் லிஸ்ட் விஷயத்தையும் அங்கேயே கேளு, கிரீன் கார்டுக்கு காத்திருக்கிற மத்தவங்களையும் கூப்பிடு. காசு கேட்டா குடு, கஞ்சத்தனம் பண்ணாத.

என் மேல கோவம்னா அடுத்த ஞாயித்துக்கிழமை சாவகாசமா பேசு, நான் எங்கயும் போகல. இட்லிப்பொடி, வத்தக்குழம்பு பொடி ரெண்டும் சித்தி பையன்கிட்ட குடுத்து விட்டிருக்கேன், பத்தாம் தேதி அங்க இறங்குறான், ஏர்போர்ட்டுக்கு நீயே போ, டாக்ஸில வரச் சொல்லாத.

அம்மா